சாதாரணக் காயாக்கை மீன்பிடிப் படகாக மாற்றுவது: முதல் துளைக்கு முன்பிருந்து கடைசி நட்டு வரை

கரையில் நின்று தூண்டில் போடுகிறவனுக்கு எப்போதும் எதிர்க்கரைதான் நல்ல இடமாகத் தெரியும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தண்ணீரில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. தெற்கே கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக் குட்டைகளில் கரை செங்குத்தாக இறங்கும். புதர் மண்டிய பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, விரால் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கும். வடக்கே செண்டரோ ஏரியில் விரால் இனத்துப் பெரிய மீனான தோமான் மூச்சு வாங்க மேலே வந்து போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். எறிந்தால் எட்டாது.

அங்கே போக வழி காயாக், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுக்கமான சிறு படகு. மீன்பிடிக்கென்றே செய்த காயாக்குகள் விலை அதிகம். உல்லாசத்துக்கு என்று விற்கும் பத்தடி பிளாஸ்டிக் காயாக் ஒன்றைப் பழையதாக வாங்கி, இரண்டு மூன்று வார இறுதிகளைச் செலவழித்தால், நம் ஊர்த் தண்ணீருக்கு அது போதும். நான் இதுவரை மூன்று காயாக்குகளை மாற்றியிருக்கிறேன். ஒன்று என்னுடையது, ஒன்று மச்சானுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுத் தம்பியுடையது. மூன்றையும் செய்து பார்த்தபின் ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறேன்: உட்கார்ந்தபடியே, உடல் எடை ஒரு பக்கம் சாயாமல் கை எட்டாத எதையும் படகில் பொருத்தக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த விதியிலிருந்து வருவதுதான்.

எந்தக் காயாக் சரிப்படும்

இரண்டு வகை உண்டு. ஒன்று மேலே உட்காரும் வகை. தட்டு மாதிரி திறந்திருக்கும், தண்ணீர் ஏறினால் அடியில் இருக்கும் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். இன்னொன்று காலை உள்ளே நீட்டி உட்காரும் வகை. மீன்பிடிக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இரண்டாவது வகை கவிழ்ந்தால் தொட்டி போல நிறைந்துவிடும். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால், முன்முனையிலும் பின்முனையிலும் காற்றுப் பைகளையோ நுரைக் கட்டைகளையோ அசையாமல் அடைத்து, தண்ணீர் இறைக்க ஒரு கைப்பம்பையும் கட்டி வைத்த பிறகே மற்ற வேலைக்குப் போங்கள்.

அகலம் 75 செ.மீ. அளவுக்கு இருந்தால் நல்லது. அதைவிட முக்கியம் எடைக் கணக்கு. தயாரிப்பாளர் சொல்லும் தாங்கும் எடை என்பது படகு மூழ்காத எல்லை, வசதியாக மீன் பிடிக்கும் எல்லை அல்ல. அதில் 70 விழுக்காட்டைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். 130 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் நமக்கு 91 கிலோ. என் எடை 74. மிச்சம் 17 கிலோவுக்குள் கூடை, நங்கூரம், கயிறு, பேட்டரி, இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, பிடிக்கப்போகும் மீன் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாங்க நினைத்த பொருளில் பாதியை வாங்க மாட்டீர்கள்.

முதல் இரண்டு பயணம் வெறும் படகோடு

டிரில்லை இன்னும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு தூண்டில் கம்பு, ஒரு சின்னப் பெட்டி, லைஃப் ஜாக்கெட். இவ்வளவோடு இரண்டு தடவை போய் வாருங்கள். கம்பை எங்கே வைக்கக் கை தானாகப் போகிறது, துடுப்பு எங்கே இடிக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதையெல்லாம் கவனியுங்கள். பின்னால் துளை போடும் இடத்தை இந்த இரண்டு பயணம்தான் காட்டும்.

இந்தப் பயணத்திலேயே கவிழ்ந்து ஏறவும் பழகிவிடுங்கள். மார்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். குப்புறக் கிடக்கும் படகின் அடிக்குக் குறுக்கே கை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தால் திரும்பிவிடும். அப்புறம் நடுப்பகுதிக்கு வந்து, காலைத் தண்ணீரில் பின்னால் நீட்டி நன்றாக உதைத்து, வயிறு படகின் மேல் குறுக்காக வரும்வரை ஏறுங்கள். அப்படியே புரண்டு இடுப்பை இருக்கையில் இறக்கி, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். நேராக ஏறி உட்கார முயன்றால் படகு மறுபடியும் உங்கள் மேல் கவிழும். பத்து தடவை செய்தால் உடம்புக்குப் பழகிவிடும். குட்டைகளில் இதைப் பழக வேண்டாம். கரை ஓரமே ஆள் ஆழம் இருக்கும், சில இடத்தில் சேறு முழங்கால் வரை இழுக்கும். அடி தெரியும் நல்ல மணல் இடமாகப் பாருங்கள்.

டேப்பும் அட்டைக் குழலும்

இந்தப் படிக்குச் செலவு இல்லை. பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். படகைப் புல்லில் வையுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழல்களைத் தூண்டில் தாங்கி இருக்கப்போகும் இடத்தில் டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். தண்ணீருக்கடியைக் காட்டும் கருவியான மீன்காட்டியின் திரைக்குப் பதில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. இப்போது துடுப்பை எடுத்து இரண்டு பக்கமும் இருபது வலி வலித்துப் பாருங்கள். குழல் எதுவும் சாய்ந்தால் இடம் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். தடவித் தேட வேண்டியிருந்தால் அதுவும் தப்பு.

மச்சானுடைய காயாக்கில் முன் தாங்கியை இருக்கைக்கு நேர் முன்னால், நடுவில் வைத்தால் அழகாக இருக்கும் என்று அவர் சொன்னார். அட்டைக் குழலை வைத்து வலித்தபோது ஒவ்வொரு வலிக்கும் துடுப்புக் கம்பு அதில் உரசியது. பாத மிதிக்குப் பக்கத்தில், ஒரு சாண் முன்னால் தள்ளி, வலப்பக்கம் வைத்ததும் உரசல் நின்றது. துளை போட்ட பிறகு இது தெரிந்திருந்தால் அந்தப் பழைய துளையை ஆயுசுக்கும் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

துளை போடுவது

இந்தப் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன். பசை எதுவும் இதில் நிலைத்து ஒட்டாது. எபோக்சி காய்ந்ததும் தகடாகக் கழன்று வரும், சிலிக்கானும் உரிந்துவிடும். அதனால் ஒட்ட வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிடிமானம் போல்ட்டிலோ ரிவெட்டிலோதான்.

மூடியைத் திறந்து உள்ளே கை எட்டும் இடமென்றால் 5 மி.மீ. ஸ்டெய்ன்லெஸ் போல்ட்டு, உட்பக்கம் அகலமான வாஷர், நைலான் வைத்த நட்டு. கை எட்டாத இடமென்றால், உள்ளே மூன்று இதழாக விரிந்து பிடிக்கும் ரிவெட்டு வாங்குங்கள். தகரத்துக்கு அடிக்கும் சாதாரண ரிவெட்டு இந்தப் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஹார்டுவேர் கடை முதலாளி தவுக்கேயிடம் படகுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கடல் பக்கமும் போவதாக இருந்தால் 316 ரக ஸ்டெய்ன்லெஸ்ஸே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளையே கூடாது. தண்ணீர் வடியும் துளைகளின் சுவரில் கூடாது. மேல் ஓடும் கீழ் ஓடும் நெருங்கி வரும் இடத்திலும் கூடாது. டிரில் முனையில் 15 மி.மீ. தள்ளி டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். அது தொட்டதும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மேல் ஓட்டைத் தாண்டி அடி ஓட்டையும் முனை பார்த்துவிடும்.

முதலில் 2 மி.மீ. முனையால் வழி போட்டு, பிறகு போல்ட்டின் அளவுக்கு. டிரில் மெதுவாகச் சுற்றட்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகித் துளை முட்டை வடிவமாகிவிடும். மெதுவாகப் போனால் தேங்காய்த் துருவல் மாதிரி நீளச் சுருளாக வெளியே வரும், துளையின் ஓரமும் நறுக்கென்று நிற்கும். அந்தச் சுருளை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், தண்ணீரில் போக வேண்டாம்.

கசிவுக்கு என் வழி பழைய மோட்டார் சைக்கிள் டியூப். தாங்கியின் அடித்தட்டை டியூப் ரப்பர் மேல் வைத்து வரைந்து, கத்தரித்து, இரண்டுக்கும் நடுவில் வைத்து இறுக்குங்கள். அதோடு படகுக்கான பசை கொஞ்சம் தடவினால் அதுவும் நிரப்புமே தவிர, பிடிப்பது போல்ட்டுதான். ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் குழிந்து, கொஞ்ச நாளில் நட்டு தளர்ந்துவிடும். முழுக் கனம் வாங்கும் இடத்தில் வாஷருக்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் வெட்டுப் பலகையிலிருந்து ஒரு துண்டு அறுத்து உட்பக்கம் வையுங்கள். இழுவிசை பரவிப் போகும்.

எல்லாம் முடிந்ததும் உட்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, முழங்கால் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார்ந்து அசைத்துப் பாருங்கள். கரைக்கு வந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஈரம் எந்த நட்டின் ஓரத்தில் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

கூடையும் தூண்டில் தாங்கியும்

துளையே போடாமல் கிடைக்கும் மிகப் பெரிய வசதி கூடைதான். பாசாரில் காய்கறி வரும் சதுரப் பிளாஸ்டிக் கூடை ஒன்று. அதன் மூலைகளில் 30 செ.மீ. நீளத்துக்கு மூன்று பி.வி.சி. பைப் துண்டுகளை நிறுத்தி, மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். உள்வட்டம் 40 மி.மீ. இருந்தால் பெரும்பாலான கம்புகளின் அடி இறங்கும். ரீலின் கால் உட்கார மேல் விளிம்பில் ஒரு பிளவு வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். கூர்மையாக விட்டால் கம்பின் பிடியை அறுத்துக்கொண்டே இருக்கும். கூடை இருக்கைக்கு ஒட்டிப் பின்னால் வர வேண்டும். எலாஸ்டிக் கயிற்றால் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, படகு கவிழ்ந்தாலும் கூடை போகாதபடி கட்டுங்கள். புதர் அடியில் நுழையும்போது மட்டும் கம்புகளைப் படுக்க வைத்துவிடுங்கள். நிமிர்ந்த கம்பு கிளையில் மாட்டினால் ஒன்று கம்பு முறியும், அல்லது படகு சாயும்.

இதோடு முன்னால் ஒரே ஒரு தாங்கி. மீனைக் கழற்றும்போது கம்பு வைக்க அது கட்டாயம் வேண்டும். நான்கு தாங்கி வைத்த காயாக்கையும் பார்த்திருக்கிறேன். தோமான் ஓடத் தொடங்கினால் மற்ற மூன்று நூலும் அதன் நூலோடுதான் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கம்புக்கும் துடுப்புக்கும் சுருள் கயிறு ஒன்று போட்டுப் படகோடு கட்டிவிடுங்கள்.

நங்கூரம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றதில் தப்பு செய்தால் மீன் போகும், இதில் தப்பு செய்தால் ஆள் போகலாம்.

முதல் காயாக்கில் நான் நங்கூரக் கயிற்றை இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் கட்டினேன். குட்டையில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோலகங்சார் பக்கம் சுங்கை பேராக்கில் இறங்கி, அதே மாதிரி கட்டி நங்கூரத்தைப் போட்டேன். கயிறு விறைத்ததும் படகு குறுக்காகத் திரும்பியது. ஆற்றின் ஓட்டம் முழுதும் ஒரு பக்கமாக வந்து முட்ட, கயிறு கட்டிய விளிம்பு கீழே இழுபட்டு, தண்ணீர் மடியில் ஏறியது. முடிச்சு இறுகிவிட்டதால் கையால் அவிழ்க்க முடியவில்லை. ஜாக்கெட்டில் மாட்டியிருந்த கத்தியால் கயிற்றை அறுத்ததும் படகு நேரானது. நங்கூரமும், மடியில் வைத்திருந்த பெட்டியும் போயின. அந்தக் கத்தி பெட்டிக்குள் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று இன்றும் நினைப்பதுண்டு.

ஆற்றில் நங்கூரம் முன்முனையிலோ பின்முனையிலோதான் பிடிக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு முனையும் எட்டாது. அதற்குத்தான் ஓடும் கயிறு. முன் கைப்பிடியிலும் பின் கைப்பிடியிலும் ஒவ்வொரு சின்னக் கப்பியைக் கயிற்றால் கட்டுங்கள், இதற்கும் துளை வேண்டாம். 5 மி.மீ. கயிற்றை இரண்டு கப்பி வழியாகவும் ஒரே பக்கத்தில் வளையமாக ஓட விட்டு, அதன் இரு நுனிகளையும் ஒரு ஸ்டெய்ன்லெஸ் வளையத்தில் முடியுங்கள். வளையம் உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கும்போது நங்கூரக் கயிற்றை அதற்குள் நுழைத்து இறக்குங்கள். அப்புறம் ஓடும் கயிற்றை இழுத்தால் வளையம் முனைக்கு நகரும், படகு ஓட்டத்துக்கு நேராகத் திரும்பும். நங்கூரக் கயிற்றின் கைப்பக்கத்து நுனியை இருக்கைக்கு அருகே பல் வைத்த பிடியில் செருகுங்கள். ஓர் இழுப்பில் கழல வேண்டும், முடிச்சுப் போடவே கூடாது. நுனியில் ஒரு மிதவை கட்டியிருந்தால், பெரிய மீன் இழுத்துக்கொண்டு போகும்போது கயிற்றை அப்படியே விட்டுவிட்டு மீனின் பின்னால் போகலாம். மிதவை அங்கேயே காத்திருக்கும்.

மடக்கும் நங்கூரம் ஒன்றரைக் கிலோ போதும். காற்று மட்டும் உள்ள ஏரியில் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிறு விடுங்கள். லேசான ஓட்டம் இருந்தால் ஐந்து மடங்குக்குக் குறையாமல். வேகமான ஓட்டத்தில் நங்கூரமே வேண்டாம், மிதந்தபடி பிடியுங்கள். ஆழமான ஈயக் குட்டையில் நங்கூரம் போட்டுப் பயனில்லை. கயிறு நுனியில் ஒரு பெரிய கிளிப் மாட்டி, கரையோரக் கிளையைக் கவ்விக்கொண்டால் நிற்கும்.

சுங்கை பேராக்கில் இன்னொன்றும் உண்டு. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக நான்கு மின் அணைகள். செண்டரோ 1930-லிருந்து ஓடுகிறது. மழையே இல்லாத நாளிலும் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் கீழே ஆறு ஏறும். அணைக்குக் கீழ்ப்பகுதியில் சங்கு ஊதினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரைக்குப் போவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

மீன்காட்டி

இடுப்பளவுத் தண்ணீரில் புல்லுக்கு நடுவே விரால் பிடிப்பவருக்கு இது தேவையே இல்லை. குட்டையில் தரை எங்கே சட்டென்று சரிகிறது, ஏரியில் மூழ்கிய மரம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் உதவும். உணர்கருவியை வெளியே தொங்கவிட்டுக் கொடிகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் வழியே அதன் ஒலியலை நன்றாகப் போகும் என்பதால், உள்பக்கம் தரையில், நடுவே காற்றுக் குமிழி இல்லாமல் களிமண் போன்ற அடைப்புப் பசையில் அழுத்தி வைத்தால் போதும். குமிழி ஒன்று இருந்தாலும் திரை வெறுமையாக இருக்கும். இப்படி வைத்தால் தண்ணீரின் வெப்ப அளவு மட்டும் சரியாகக் காட்டாது. சின்னத் திரைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளைக்குத் தாங்கும். ஈய பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல், லித்தியம் அதில் பாதிகூட இருக்காது. எடைக் கணக்கை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

சில்லறை வேலைகள்

வெற்றுப் பிளாஸ்டிக்கில் ஈயக்குண்டு விழுந்தால் முரசு அறைந்த மாதிரி தண்ணீருக்குள் கேட்கும். பிள்ளைகள் விளையாடும் நுரை விரிப்பைக் கால் வைக்கும் இடத்தில் வெட்டிப் போடுங்கள். கவ்வுகோல், நீண்ட மூக்குக் குறடு இரண்டையும் கயிறு கட்டி வலக்கைப் பக்கம் தொங்கவிடுங்கள். தோமானைக் கைவிரலால் வாயில் பிடித்துத் தூக்க முடியாது, பல் கிழித்துவிடும். மடியில் போட்டால் அது துள்ளும் துள்ளலில் தூண்டில் முள் உங்கள் தொடையில் ஏறும். தண்ணீரிலேயே கவ்வி, அடங்கிய பிறகு முள்ளை எடுங்கள். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதுபோல் வந்தால் அதற்குள் எறியாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

கிளம்பும் நாள்

காயாக்கைக் கார் கூரையில் ஏற்றும்போது குறுக்கே இரண்டு பட்டையோடு நிறுத்தாமல், முன்முனையையும் பின்முனையையும் காரின் இழுகொக்கியோடு கட்டுங்கள். உள்நாட்டு மீன்பிடி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் விஷயம். மாவட்டப் பெரிகானான் (மீன்வளத் துறை) அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். குட்டைக்கு உரிமையாளர் இருந்தால் அவரிடமும். ஆற்றின் கழிமுகப் பக்கம் முதலை உண்டு, அங்கே காயாக்கில் மீன் பிடிக்க நான் போவதில்லை.

தோட்டத்தில் காலைப் பேர்ப்பதிவான பிரட்டுக்கு எழுந்த நம் பெரியவர்களைப் போல விடியுமுன் எழுந்து, பகல் ஒரு மணிக்குள் கரையேறிவிடுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை நம் பக்கம் வழக்கம். தித்திவாங்சா மலைமேல் மேகம் கறுத்து மேலே வளரத் தொடங்கினால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்புங்கள். தண்ணீர் நடுவில் நீங்கள்தான் உயரமான பொருள், கையில் இருப்பது கார்பன் கம்பு. விசில், கத்தி, தண்ணீர்புகாப் பையில் தொலைபேசி மூன்றும் ஜாக்கெட்டில் இருக்கட்டும், படகில் அல்ல. எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, முதல் மீன்பிடிக்கு முன்னால், கவிழ்ந்து ஏறும் பயிற்சியை இன்னொரு தடவை செய்ய வேண்டும். கூடையில் மீன் சாமானுக்குப் பதில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு கவிழுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி அப்படிச் செய்தபோது, ஏறும் வழியில் முன் தாங்கி அவர் விலாவில் குத்தியது. "அண்ணே, இது இந்தப் பக்கம் இருந்தா நான் ஏறவே முடியாது" என்றார். அன்று மாலையே தாங்கியைக் கழற்றி எதிர்ப்பக்கம் வைத்தோம். பழைய துளைகளில் ரப்பர் வைத்த போல்ட்டு இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவது பயணம் முடிந்து படகைக் கழுவும்போது எல்லா நட்டையும் ஒரு சுற்று பாருங்கள். வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கியதில் இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும்.